யாரெக், உன் ஊருக்கு இரண்டு பெயர்

என் உயிர்ச் சிநேகிதன் யாரெக்குக்கு,

உன்னை மண்ணில் வைத்துவிட்டு ஒஸ்லோவுக்குத் திரும்பி மூன்று கிழமையாகிறது. இன்னும் நான் தெளியவில்லை. நீ போனதால் மட்டும் இல்லையடா. உன் ஊரில் நான் கண்டதால்.

ஒஸ்லோவின் குரோருட்டில் நாம் இருவரும் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தின் படிக்கட்டை நான் தனியாகத்தான் முடித்தேன். அந்தத் திங்கட்கிழமை காலை நீ வரவில்லை. பஸ் பிந்திவிட்டது என்று நினைத்தேன். பிறகு உன் அறைத்தோழன் தொலைபேசி எடுத்து, நித்திரையிலேயே உன் இதயம் நின்றுவிட்டது என்றான். நாற்பத்தாறு வயது. வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே கை கழுவிய மனிதன். எப்படி நம்புவது?

உன் உடம்பு விமானத்தில் போனது. உன் உடுப்புகளையும் சாமான்களையும் நான் கொண்டுவர வேண்டும் என்று உன் தங்கை இவோனா கேட்டாள். ஒரு வருடம் ஒஸ்லோவில் வீடு துப்புரவாக்கியவள் என்பதால் அவளுக்கு நோர்வேஜிய மொழி கொஞ்சம் வந்தது. நான் புறப்பட்டேன்.

போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். உன் ஊர் ஒரே ஒரு தெருதான், இல்லையா? தெருவோடு ஒரு ஓடை, ஓடையின் இரு கரையிலும் வீடுகள், ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒடுங்கிய நீளக் காணி காடு வரைக்கும் ஏறிப் போகிறது. தெற்கே நீல மலை. அதற்கு அப்பால் செக் நாடு. மேல் முனையில் தேவாலயமும் சவக்காலையும். எல்லாம் எவ்வளவு பழையது, எவ்வளவு உறுதியானது! ஆதியிலிருந்து உன் பரம்பரை இருந்த மண் என்றுதான் நினைத்தேன். வேரோடு இருக்கிற மனிதன் என்று உன்மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் பொறாமை.

மறுநாள் சவக்காலையில் உனக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தவனின் மண்வெட்டி எதிலோ மோதி ஓசை கேட்டது. அவன் குனிந்து, உடைந்த கல்லொன்றைப் புரட்டி மேலே வைத்தான். கல்லறைக் கல். அதிலே கொத்தியிருந்த எழுத்து உங்கள் மொழி இல்லை. ஜெர்மன். அங்கே நின்ற ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. நான் மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

“இது ஆரின்ரை கல்லு?” என்று இவோனாவிடம் கேட்டேன்.

அவள் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். “எங்களுக்கு முந்தி இஞ்சை இருந்த சனத்தின்ரை. ஊர் முழுக்க அவையின்ரைதான். எங்கடை வீடும் அவையின்ரைதான். யாரெக் உங்களுக்குச் சொல்லேல்லையே?”

இல்லை. நீ சொல்லவில்லை.

அன்று பின்னேரம் உன் அம்மா வாசல் நிலைக்கு மேலே விரலை நீட்டிக் காட்டினார். வெள்ளைப் பெயின்றுக்கு அடியில் யாரோ ஒரு ஜெர்மன்காரனின் பெயர். பன்னிரண்டு வயதில் நீதான் முதலில் அதை மூடி அடித்தாயாம். எத்தனை தரம் அடித்தாலும் மழைக்குப் பிறகு தெரிந்ததாம். இவோனா பழைய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தாள். உன் ஊர் அதிலே வேறு பெயரில் இருந்தது. அந்தச் சின்ன ஓடைக்குக்கூட வேறு பெயர்!

உலகப்போர் முடிந்ததும் உங்கள் நாட்டின் எல்லைக்கோட்டை மேற்கே தள்ளிப் போட்டார்கள். இன்றைக்கு உக்ரைனாக இருக்கும் இடத்திலிருந்து உன் அம்மா ஐந்து வயதில் சரக்கு ரயிலில் ஒரு பசுவோடு வந்து இறங்கினார். அவர்களுக்குக் கொடுத்த வீட்டில் ஜெர்மன் குடும்பம் இன்னும் இருந்தது. எட்டு மாதம் இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்தன. பிறகு அவர்களையும் ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். உரிமைக்காரர் திரும்பி வருவார்கள் என்ற பயத்தில் உன் அம்மாவின் வீட்டார் பத்து வருடம் பெட்டியை அவிழ்க்கவில்லையாம்.

“கீழை கதவடியிலை வந்து ஆரும் தட்டினால் எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும்” என்று உன் அம்மா சொன்னதை இவோனா மொழிபெயர்த்தாள்.

யாரெக், எனக்கு நெற்றியில் அடி விழுந்ததுபோல இருந்தது. இரண்டு வருடம் கட்டடச் சாரத்தில் உன் பக்கத்தில் நின்று நான் என்ன கதைத்தேன்? கொக்குவிலில் எங்கள் வீட்டில் குடியிருக்கும் சனத்தைப் பற்றி. சண்டை முடிந்தும் வீட்டைவிட்டு எழும்பாத கள்ளர் என்று திட்டினேன். யாழ்ப்பாணத்தில் அவர்கள்மேல் வழக்குப் போட்டதைப் பெருமையாகச் சொன்னேன். கொழும்பில் வாடகை அறையில் இருக்கும் என் அம்மா சொந்த வீட்டில்தான் கண்மூட வேண்டும் என்றேன். நீ ஏணியிலிருந்து இறங்கி, சிகரெட் பற்றவைத்துக்கொண்டு அப்பால் போனாய். உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேனா? ஏன் பேசாமல் இருந்தாய்? உன் ஊரைப் பற்றி நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லையே, அதனாலா?

திரும்பி வந்ததும் என் மனைவி மாலாவிடம் சொன்னேன். “வழக்கை விடப்போறீங்களோ? மாமி என்ன செய்வா?” என்று அவள் கத்தினாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மூன்று நாள் யோசித்துவிட்டு எங்கள் கொக்குவில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் எடுத்தாள். நான் யார் என்று சொன்னதும் அவளே முந்திக்கொண்டு பேசினாள்.

“அண்ணை, நாங்கள் மயிலிட்டிச் சனம். எங்கடை வீடு ஆமியின்ரை வேலிக்குள்ளை. போகச் சொன்னாப் போறம். எங்கையெண்டுதான் தெரியேல்லை.”

“போகச் சொல்ல எடுக்கேல்லை, தங்கச்சி. வழக்கை நிப்பாட்டுறன். அம்மாவுக்கு முன்னறையைத் தருவீங்களோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்.”

அவள் அழுதாள். பிறகு சொன்னாள்: “அது அவவின்ரை வீடு, அண்ணை. நான் என்ன தாறது?”

அம்மாவுக்குச் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. “என்ரை குசினியிலை வேறொருத்தியோ?” என்று கோபப்பட்டு வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே எடுத்தார். “அந்தப் பிள்ளைக்கு எத்தினை குஞ்சுகள்?” என்று கேட்டார். மூன்று என்றேன். அடுத்த மாதம் போகிறார். ஒத்துவருமா, சண்டை பிடிப்பார்களா, எனக்குத் தெரியாது. மாலா இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

கோடை விடுமுறைக்கு நானும் போகிறேன். அந்தப் பெண்ணின் முன்னால் இருந்து, மயிலிட்டி எப்படி இருந்தது, கடல் வீட்டுக்கு எவ்வளவு தூரம், அயலில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவள் சொல்லி முடிக்கும்வரை எழும்ப மாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தம்பி,
குகன்