ஈரம் காயாத மேசை

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் சுகமில்லை. நீ நன்றாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன், போனில் நீ சொல்லும் "ம்"மை வைத்து வேறெதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கண்காட்சிக் கூடத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "இதற்குத் தினமும் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்." அவ்வளவுதான். எதிரே தேர்வுக் குழுவினர் மூன்று பேர், பக்கத்தில் நம் சாப்பாட்டு மேசை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "இந்த வருஷம் காற்றில் ஈரம் அதிகம்" என்றேன். ஐந்து நாளாக அதையே நினைத்து எரிந்துகொண்டிருக்கிறேன், யாரிடமாவது கொட்டியாக வேண்டும், உனக்கு வாய்த்த அம்மா இப்படி.

மேசையை நான் எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும், அதன்மேல் மண் பூசியதை நீ பார்க்கவில்லை. இரண்டு விரல் கனத்துக்குப் பச்சை மண், தட்டு, டம்ளர், உப்புக் கிண்ணம் எல்லாமே சுடாத மண். மண் வெடிக்கக் கூடாது என்றால் வைக்கோலோ மணலோ சேர்ப்பார்கள், நான் வெடிக்கவேண்டும் என்பதற்காகவே ஒன்றும் சேர்க்காமல் பிசைந்தேன். முப்பது நாள் கண்காட்சியில் அது மெல்லக் காய்ந்து, கீறல் விட்டு, துண்டு துண்டாகப் பெயர்ந்து, அடியில் நம் மேசை தெரியவேண்டும், நீ காம்பஸ் முனையால் "வேண்டாம்" என்று கீறி வைத்த இடம்வரை. மூன்று மாசமாக அப்பா கட்டிலில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார். கலைக்காக என் முதுகெலும்பையும் கொடுத்தாச்சு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நம் வட்டாரத்துக் கலைஞர்கள் ஆறு பேரின் கண்காட்சி இது. அதில் ஒருவருக்குக் கூடத்தின் பின்பக்க அறையை ஒரு வருஷம் வேலை செய்யக் கொடுப்பார்கள். வடக்குப் பார்த்த ஜன்னல், உள்ளேயே தண்ணீர்க் குழாய், சரக்கு இறக்க அகலக் கதவு. நான் அந்த அறையை மூன்று தடவை போய்ப் பார்த்தேன், மேசையைத்தான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரோ மாசக் கடைசிக்குள் கார் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், மருமகன் கார் வாங்கிவிட்டானாம். பத்து வருஷமாக நான் அங்கே வேலை செய்கிறேன் என்றால், "அதான் பத்து வருஷம் விளையாடியாச்சே" என்கிறார். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றுவிட்டு, நீ தூங்கும் நேரத்தில் படித்து, பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் மண் மிதித்து வந்தவள் நான். விளையாட்டாம்.

மேசையை ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்பாய். வைத்த பிறகு தொடக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, காலம் செய்கிற வேலையைக் காலமே செய்யட்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாயேம்மா" என்று நீ சொன்னாய். சொல்லிக்காட்டாதே, எனக்கே ஞாபகம் இருக்கிறது. பதினெட்டாம் நாள் குழுவினரோடு உள்ளே நுழைந்தால், மேசை முதல் நாள் பூசிவிட்டு வந்தது போலவே பளபளவென்று இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் காவலுக்கு இருக்கிற அக்கா, நாள் முழுக்க அந்த நாற்காலியிலேயே இருப்பதால் எல்லாரும் நாற்காலி அக்கா என்போம், கையில் நனைந்த சாக்கோடு நிற்கிறார். என்னைத் தனியே இழுத்து, "நீ பயப்படாத கண்ணு, நான் செங்கச் சூளையில பதினோரு வருஷம் இருந்தவ, மண்ணு எனக்குத் தெரியும். காலைல தெளிச்சி, சாயந்தரம் சாக்கு மூடிட்டுத்தான் போறேன். ஒரு வெடிப்பு விட்டிருக்கேனா பாரு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

குழுவில் கண்ணாடி போட்ட ஒருவர், வெடிக்கும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறதே, எங்கே என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் காட்சிப் பொருளைத் தொட்டதற்காக அக்காவின் வேலை அன்றே போயிருக்கும். அதனால் காற்றின்மேல் பழியைப் போட்டேன். "சுவாரசியம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார். அங்கே துருப்பிடித்த தகரக் கூரைகளைத் தொங்கவிட்டிருக்கிறாரே, அந்தத் தகரக்காரரிடம் அரைமணி நேரம் நின்றார்கள்.

என் கோபம் அக்காமேல் இல்லை, இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சுவரில் கண்காட்சிப் பொறுப்பாளர் எழுதி ஒட்டிய குறிப்பைப் படித்துப் பார்த்தேன், "காலத்தின் ஊடே சிதையும் பொருண்மையின் நினைவு" என்று ஆரம்பிக்கிறது. அப்பா படித்துவிட்டு, இதைப் படித்தால் எனக்கே யாராவது தண்ணீர் தெளிக்கணும் என்றார். மேசையைத் தினமும் எட்டு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அக்கா ஒருவர்தான். இது வெடிக்கவேண்டிய மேசை அக்கா என்று இரண்டு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எதையும் விளக்கக் கூடாது என்று பெரிய கொள்கை வைத்திருந்தேன், கொள்கையை இப்போது உப்புப் போட்டு ஊறவைக்கலாம். அன்றைக்கும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அந்தச் சிரிப்பின் முன்னால் வாய் வரவில்லை. இன்னும் அவர் தெளித்துக்கொண்டுதான் இருப்பார்.

உன் முதுகுவலிக்கு நாற்காலியை மாற்று, தலையணையை அடுக்கி ஒப்பேற்றாதே. ஓட்டைச் செருப்பைத் தூக்கி எறி. உன் வேலையில் யாராவது கேட்காமல் உதவி செய்தால், முதலில் நீ என்ன செய்கிறாய் என்று அவர்களுக்குச் சொல். நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும், நினைத்த காரியம் நினைத்த நேரத்தில் கைகூடட்டும். சித்தப்பாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை பிறந்தநாள், மறக்காமல் பேசு.

முத்தங்களுடன்,
உன் அம்மா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்காமல் பதினெட்டு நாள் வைத்திருந்தேன், சித்தப்பா பிறந்தநாளும் போய்விட்டது. அறை தகரக்காரருக்குப் போயிற்று. ஷெட்டைக் காலி செய்து கருவிகளை உன் அறையில் அடுக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கண்காட்சி முடிந்து மேசை வீட்டுக்கு வந்தது, ஈரத்தில் ஒரு கால் உப்பி ஆடுகிறது. மூன்றாம் நாள் மண் வெடித்தது, நீ கீறி வைத்த பக்கம் இல்லை, அப்பா உட்காரும் பக்கம். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி அக்கா பார்க்க வந்தார். "தண்ணி காட்டலன்னா இப்படித்தான் ஆகும், எங்கிட்டயே விட்டிருக்கலாம்ல" என்று என்னைத் திட்டிக்கொண்டே பெயர்ந்த துண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டார். மத்தியானம் அப்பாவும் அக்காவும் நானும் அந்த மேசையில்தான் சாப்பிட்டோம். அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.