ஓடுபாதை ஓரத்து நீள்நகக் குருவிகள்

ஜனவரி 9

விமானதளத்தில் பறவை விரட்டும் அம்மணிக்கு,

தனி வீடு பார்த்துப் போன மனைவிக்குக் கணவன் கடிதம் போட்டால் என்னவோ ஏதோ என்று பயப்படாதே. குருவி சமாசாரம்தான். நம் வட்டாரப் பறவைகளைப் பற்றிப் போடும் புத்தகத்தில், விதை தின்னும் ஃபிஞ்ச் குருவிகளையும் நீள்நகக் குருவிகளையும் பற்றிய அத்தியாயத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஃபிஞ்சுகள் பள்ளிக்கூட ஜன்னலுக்கே வருகின்றன. சில வகை, வருஷம் பூராவும் இருக்கும். சில, வடக்கே விதை பொய்த்தால் மட்டும் கூட்டமாய் இறங்கும். நீள்நகத்தைத்தான் கண்டதில்லை. அது விரும்பும் வெட்டவெளிப் புல் உன் வேலிக்குள்தான் இருக்கிறது. வருகிறதா? எப்போது போகிறது?

வாத்தியார்

ஜனவரி 20

வாத்தியாருக்கு,

வருகிறது, கூட்டங்கூட்டமாக. வேட்டுப் போட்டால் ஒரு வட்டமடித்துவிட்டு அதே இடத்தில் உட்காரும். என் பிழைப்பைக் கெடுக்கவே பிறந்தவை. கொட்டிக் கிடந்த பனியில் கால்தடம் பார்த்தேன். பின்விரல் நகம் நீளமாய்க் கோடு இழுத்திருந்தது. பெயரைச் சும்மா வைக்கவில்லை. இருட்டினால் என் ஜீப்பின் டயர் பதிந்த பள்ளத்தில் ஒண்டிக்கொள்கின்றன. உங்கள் முழங்கால் தேவலையா?

ஜீப்காரி

ஏப்ரல் 11

வாத்தியாருக்கு,

கூட்டம் வடக்கே கிளம்பிவிட்டது. போகுமுன் ஆண்குருவிகளின் முகம் கறுத்தது. புது இறகு முளைக்கவில்லை. பழுப்பு நுனி தேய்ந்து உள்ளிருந்த கறுப்பு தெரிகிறது என்று நினைக்கிறேன். சரியா? ஒரு ஜோடி மட்டும் போகவில்லை. ஏன்?

ஜீப்காரி

மே 28

வாத்தியாருக்கு,

அந்த ஜோடி கூடு கட்டியிருக்கிறது! தரையில், புல்தூருக்கு அடியில், உள்ளே இறகு மெத்தை. அடுத்த வாரம் புல்வெட்டும் வண்டி வருகிறது. உடனே எழுதுங்கள்.

ஜீப்காரி

ஜூன் 1

அன்புள்ள உனக்கு,

நீள்நகம் இங்கே கூடு கட்டியதாக யாரும் சொன்னதே இல்லை. வானம்பாடியின் கூடாக இருக்குமோ? நன்றாகப் பார்த்தாயா?

வாத்தியார்

ஜூன் 6

“நன்றாகப் பார்த்தாயா?” கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி. கூரை ஒழுகுகிறது என்றாலும் இதுதான், எனக்கு மூச்சு முட்டுகிறது என்றாலும் இதுதான்.

மேலதிகாரியிடம் போய், “சார், அந்த ஓரத்துல ஒரு கூடு இருக்கு, அங்க மட்டும் வெட்ட வேண்டாம்” என்றேன். “சரிம்மா, கம்பு நட்டு அடையாளம் வச்சிடுங்க” என்றார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜீப்பில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

இனி எழுதாதீர்கள்.

ஜூன் 18

அன்புள்ள உனக்கு,

இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. நேற்றுப் புத்தகக் குழு கூடியது. ‘கோடையில் கூடு கட்டுகிறது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“நீங்க நேர்ல பாத்தீங்களா?” என்றார் தலைவர்.

“இல்ல, என் மனைவி பாத்தாங்க.”

“போட்டோ?”

“நான் கேக்கல.”

‘கூடு கட்டியிருக்கலாம்’ என்று மாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்று அத்தியாயத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ பதில் போட வேண்டாம்.

வாத்தியார்

ஜூன் 24

வாத்தியாருக்கு,

குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. இன்னும் பறக்கத் தெரியவில்லை, புல்லுக்குள் ஓடுகின்றன. அப்பன் பாதியை அந்தப் பக்கமும் அம்மா பாதியை இந்தப் பக்கமும் கூட்டிக்கொண்டு போய்த் தனித்தனியாகத் தீனி கொடுக்கின்றன. இது சண்டையா, ஏற்பாடா? பார்த்துக்கொண்டே இருக்கிறேன், புரியவில்லை.

ஞாயிறு காலைக்கு விமானதள வாசலில் உங்கள் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். சரிபார்க்க வருவதானால் வர வேண்டாம். பார்க்க வருவதானால், இங்கே காற்று அதிகம், எதையாவது போர்த்திக்கொண்டு வாருங்கள்.

ஜீப்காரி