தெருமுனைத் தோட்டம் என்ன ஆயிற்று

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் நதியாவுக்கு, அம்மா எஸ்தர் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்தால் குறைகிறது, தையல் மெஷினில் உட்கார்ந்தால் திரும்ப வருகிறது. இந்தக் கடிதத்தைக் கறிவேப்பிலைப் பொடி பார்சலுக்குள் வைத்திருக்கிறேன். போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. நீ மூன்று மாதமாக ஒவ்வொரு முறையும் தெருமுனைத் தோட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறாய், நானும் மழை, போனில் சார்ஜ் இல்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். வாயைத் திறந்து சொல்ல ஆரம்பித்தால் அழுகை வந்துவிடும், நீ அங்கே தனியாக இருக்கும்போது என் அழுகையைக் கேட்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். தோட்டம் இப்போது இல்லை நதியா. துர்கா அக்காவின் லட்சுவும் இல்லை.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. நீ அயர்லாந்துக்குக் கிளம்பும்போது கைக்குழந்தையாக இருந்தாளே, நீ குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டுவிட்டுப் போன குழந்தை, அவள்தான். மஹாலட்சுமி என்று பெயர் வைத்ததோடு சரி, தெருவுக்கே லட்சு. நீ போன பிறகுதான் கதிர்வேல் மாமா நம் தெருவுக்குக் குடிவந்தார், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, பிள்ளையும் இல்லை. வந்த புதிதிலேயே தெருமுனைக் குப்பைமேட்டைப் பார்த்துவிட்டு வீடு வீடாக வந்து, இந்த இடத்த எனக்குக் குடுங்கம்மா, நீங்க கொட்றதையே நான் திருப்பித் தரேன் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அவர் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் வளைய உறைகளை வாங்கி வந்து இறக்கி, காய்கறித் தோலையும் சாணத்தையும் போட்டு மக்கவைத்து, நாலு மாதத்தில் அங்கே வெண்டையும் கத்தரியும் நின்றது. நமக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தானே தண்ணீர், அதனால் அரிசி கழுவிய தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் பிடித்து வைக்க இரண்டு நீல டிரம் போட்டார். யாருக்கு வேண்டுமோ பறித்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை, அதுதான் அவர் சட்டம். நம் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்காத வீடுகள் இந்தத் தெருவில் இருந்தது உனக்குத் தெரியும், அந்த வீட்டுப் பெண்கள் நான் பறித்துக் கொடுத்த பசலைக்கீரையை முந்தானையில் வாங்கிப் போனார்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம் என்று கறிக்கடைக்குத் தூக்குவாளி எடுத்துப் போகும் பழக்கம்கூட அவர் சொல்லித்தான் வந்தது. லட்சு தினமும் காலையில் அங்கேதான் இருப்பாள். தக்காளியைப் பச்சையாகவே பறித்துவிட்டு, தாத்தா இது செவக்க மறந்துபோச்சு என்பாள், அவரும் ஆமாம் பாப்பா என்று அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

ஐப்பசி மழை விட்டதும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து கொடுத்தார்கள், இறங்கியது, எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள் என்று துர்கா சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். நீ நர்ஸ், காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து என்பது உனக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியவில்லையே. மறுநாள் வயிறு வலி என்றாள், கையும் காலும் சில்லிட்டுவிட்டது, ஆட்டோவில் பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. டெங்கு என்றார்கள். திரும்பி வரும்போது துர்காதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், யாரிடமும் கொடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் துர்காவின் வீட்டுக்காரர் குமரகுரு நேராகத் தெருமுனைக்குப் போய் ஒரு டிரம்மை எட்டி உதைத்தார். கொசு வளர்த்துக்கினு இருந்தீங்களா எல்லாரும், எம் பொண்ணுக்குத்தான் வளர்த்தீங்களா என்று கத்தினார். அதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், நேற்றுவரை அங்கே பறித்துச் சாப்பிட்டவர்கள்தான். அவரைக்கொடிப் பந்தலை இழுத்துச் சாய்த்தார்கள். கதிர்வேல் மாமா தடுப்பார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, யார் முகத்தையும் பார்க்காமல், முருங்கையைத் தானே வேரோடு பெயர்த்துப் போட்டார். அப்பா போய் அவர் கையைப் பிடித்தார், மாமா அப்பாவிடம், உடு தேவசகாயம், உடுப்பா என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு மாகறலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

இனி எழுதுவதை அப்பாவுக்கும் கதிர்வேல் மாமாவுக்கும் உனக்கும் தவிர வேறு யாருக்கும் நான் சொல்லப்போவதில்லை. சுகாதாரத் துறையிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்தார்கள், நான்தான் வீடு வீடாகக் கூடப் போனேன். உதைபடாமல் நின்ற தோட்டத்து டிரம்மில் புழு இருந்தது, மூடி சரியாக இல்லை, உண்மைதான். மூன்று வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலும் இருந்தது. துர்கா வீட்டில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், வந்த பெண் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டை வெளியே இழுத்தாள். அதிலும் நெளிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், சத்தமில்லாமல் கொல்லையில் கொட்டிக் கழுவி வைத்தாள். லட்சு படுக்கும் பாய் அந்தப் பிரிட்ஜ் பக்கத்தில்தான். எந்தத் தண்ணீரில் பிறந்த கொசு கடித்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் தெரு முழுக்கப் பழியை அந்த மனிதர் தலையில் போட்டுவிட்டது.

போன வாரம் பஸ் ஏறி மாகறல் போனேன். ஆள் பாதியாகிவிட்டார், தாடி வளர்ந்திருக்கிறது. பிரிட்ஜ் தட்டைப் பற்றிச் சொன்னேன், உங்களால்தான் என்று நினைக்காதீர்கள் அண்ணா, நான் தெருவில் எல்லாரிடமும் சொல்கிறேன், நீங்கள் வாருங்கள் என்றேன். அவர் பதறிப்போய் இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். வேணாம் எஸ்தரம்மா, அத அந்தப் பொண்ணு காதுல போட்றாத, என் டிரம்மாவே இருந்துட்டுப் போவட்டும், எம் மேல கோவப்பட்டுக்கினாவது அது உசுரோட இருக்கும் என்றார். அவர் தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போய்விட்டது, குடிக்காமலே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பெண், ஏனாத்தூர் காலேஜ் போலிருக்கிறது, ஏன் ஆன்ட்டி அழுவுறீங்க என்று கேட்டாள், கண்ணில் தூசி என்றேன்.

அவர் வரமாட்டார் நதியா. தெருமுனையில் திரும்பக் குப்பை சேர்ந்துவிட்டது, பிளாஸ்டிக் கவரில் கட்டித் தூரத்திலிருந்தே வீசுகிறார்கள், மாடு வந்து கிழிக்கிறது. நானும் வேறு வழியில்லாமல் அங்கேதான் கொண்டுபோய்ப் போடுகிறேன். துர்கா மட்டும் போடுவதில்லை. அவள் வீட்டுக் குப்பையைச் சுமந்துகொண்டு அடுத்த தெருத் தொட்டிவரை நடந்து போகிறாள், ஏன் என்று நானும் கேட்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், எஸ்தர்மா, எங்கூட பேசுற யாரும் அவ பேர சொல்றதில்ல, குழந்தை குழந்தைன்றாங்க, அவளுக்குப் பேரு இருந்துச்சு இல்ல என்று கேட்டாள். லட்சு என்றேன். இன்னொரு தரம் சொல்லுங்க என்றாள். சொன்னேன், என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு. நைட் ட்யூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே, பொடியில் காரம் குறைவாகத்தான் போட்டிருக்கிறேன், நெய் ஊற்றிச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையால் தொடுகிற நோயாளிகள் எல்லாரும் பிழைத்து எழும்பட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே, இந்த ஞாயிற்றுக்கிழமை துர்கா அக்காவுக்குப் போன் செய். எப்படி நடந்தது என்று விசாரிக்காதே, மருந்து மாத்திரை எதையும் கேட்காதே. நீ லட்சுவைக் குளிப்பாட்டியபோது அவள் எப்படிக் கத்தினாள், எப்படித் தண்ணீரை உதைத்தாள் என்று உனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் பேர் சொல்லிச் சொல். அவள் அழுதால் போனை வைத்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
எஸ்தர் தேவசகாயம்