அப்துல் சுபஹான் நினைவுச் சுழற்கோப்பை

3-1-1978, செவ்வாய்
மகாபலிபுரம். பதருன்னிசா அக்கா வீடு.
காலையில் கடலோரமாக ஓடினேன். மூன்றாவது மைலில் வாந்தி. போன வருஷம் ஐயாயிரம் மீட்டரில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவன் நான், சொன்னால் யார் நம்புவார்கள்? மீன் கூடையோடு வந்த மாரியம்மா நின்று பார்த்தாள். "யாருப்பா தொரத்திகினு வராங்க? பின்னால ஒருத்தரையும் காணமே!"

ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். அத்தா செங்கல்பட்டு வீட்டுக்குள் விடவில்லை. பஜாரில் எல்லோரிடமும் நான் துபாய் போயிருப்பதாகச் சொல்லிவிட்டாராம். அதனால் அக்கா வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார். எனக்குப் போதை மாத்திரை பழகியதே இந்தக் கடற்கரையில், வெள்ளைக்காரக் கூட்டத்தோடு சுற்றித்தான். ஒளித்து வைக்க அவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை!

8-1-1978, ஞாயிறு
நாளை கல்லூரி. 'பூரண குணம், படிப்பைத் தொடரலாம்' என்று டாக்டர் எழுதிய சர்டிபிகேட்டை மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

9-1-1978, திங்கள்
நான் செத்துவிட்டேன்.

கிண்டல் இல்லை. ஆபீஸ் ரிஜிஸ்தரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது — 'காலமானார்'. ஆகஸ்டில் இரங்கல் கூட்டம் நடந்திருக்கிறது. இரண்டு நிமிடம் மௌனம், அரை நாள் லீவு. அத்தா தன் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தை கிளார்க் சகுந்தலா அம்மா எடுத்துக் காட்டினார்கள். அத்தா எழுத்தேதான். அடப்பாவி அத்தா!

டாக்டர் சர்டிபிகேட்டை நீட்டினேன். அவர்கள் நிதானமாகப் படித்தார்கள். "இது நீ கொணமானதுக்கு சர்டிபிகேட்பா. உசுரோட கீறேன்னு இதுல எங்க போட்டுக்கீது?"

"அதான் எதிர்ல நிக்கிறேனே மேடம்!"

"நிக்கிறே. நான் இல்லன்னு சொல்லலியே. செத்துட்டான்னு எழுதிக் குடுத்தவரு வந்து, இல்லன்னு எழுதித் தரணும். பிப்ரவரி பதினஞ்சாம் தேதிக்குள்ள வரலன்னா பரீட்சைக்குப் பேர் போவாது."

விளையாட்டு அறையில் என் போட்டோ, மாலையோடு. அட்டெண்டர் காத்தவராயன் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா தம்பி, சொகமா?" என்று கேட்டுவிட்டு, பத்தியை என் போட்டோவுக்கு மூன்று சுற்று சுற்றினார். நிறுத்துங்கள் என்றேன். "டெய்லி கொளுத்துன்னு ஆர்டர் கீது. நிறுத்தச் சொல்லி ஆர்டர் வரட்டும்."

போட்டோவுக்குக் கீழே வெள்ளிக் கோப்பை. 'அப்துல் சுபஹான் நினைவுச் சுழற்கோப்பை, 5000 மீட்டர்'.

பி.டி. பன்னீர்செல்வம் சார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூட்டத்துல நான்தான்டா பேசினேன். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத உத்தமன்னு சொன்னேன்" என்றார். இரண்டு பேருமே தரையைப் பார்த்தோம்.

13-1-1978, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தா வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மீன் குழம்பைப் பார்த்துப் பேசினார்.

"காலேஜ்லருந்து லெட்டர் மேல லெட்டர். ஏன் வரல, ஏன் வரலன்னு. மாத்திரைன்னு எழுதச் சொல்றியா? செத்துட்டான்னா ஒருத்தனும் மேல கேக்கமாட்டான்னு எழுதிட்டேன். கோப்பை வெப்பானுங்கன்னு நான் இன்னாத்தடா கண்டேன்?"

"இப்ப உசுரோட கீறான்னு எழுதிக் குடுங்க அத்தா. அது போதும்."

"அப்ப ஏன் பொய் சொன்னேன்னு கேப்பான். மாத்திரை வெளிய வந்துரும். செத்துப்போயி நல்ல பேர் வாங்கிக்கீறே, அதைக் கெடுத்துக்காத." குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே, "பேசாம துபாய்க்கே போயிடேன். ரெண்டு பொய்ல ஒண்ணாச்சும் நெசமாவட்டும்."

அக்கா சிரிப்பை அடக்கமுடியாமல் அடுப்படிக்கு ஓடினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. எனக்கு வேண்டியது என்ன? ஓடணும், பரீட்சை எழுதணும். இதுக்கு முதல்ல உசுரோட இருக்கணும்னா நான் எங்க போவேன்?

25-1-1978, புதன்
எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

பழைய சப்ளை ஆள் கடற்கரையில் பிடித்துக்கொண்டான். "ஓசிதான் மச்சான், பழைய தோஸ்துக்கு" என்று உள்ளங்கையில் இரண்டு வைத்து அமுக்கிவிட்டுப் போய்விட்டான். நான் தூக்கிப் போடவில்லை. கையை மூடிக்கொண்டு நடந்தேன். செத்தவன் மாத்திரை சாப்பிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

மாரியம்மா வழி மறித்தாள். "கையில இன்னா? தலவலி மாத்திரையா? குடு, காலைலருந்து மண்ட பொளக்குது" என்று கையைப் பிரித்து ஒன்றை எடுத்தேவிட்டாள். வாய்க்குப் போவதற்குள் பிடுங்கி, இரண்டையும் கடலில் எறிந்தேன்.

"தூ! ஒரு மாத்திரைக்கா இம்மாங் கஞ்சத்தனம்? நல்லா இருப்பியா நீ!" சாயங்காலம்வரை குப்பம் முழுக்கச் சொல்லித் திட்டினாள். நான் மணலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

3-2-1978, வெள்ளி
பதினொன்றாம் தேதி விளையாட்டு விழா. அழைப்பிதழ் வந்துவிட்டது: 'நினைவுக் கோப்பையை வழங்குபவர், மறைந்த மாணவரின் தந்தை அப்துல் கையூம்'. நான் வந்தது பிரின்சிபாலுக்கும் தெரியும். "அச்சடிச்சாச்சேப்பா" என்கிறாராம். அத்தாவும் போகிறாராம். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களாம்.

என்னோடு ஓடும் சிவப்பிரகாசம் சைக்கிளில் வந்து சொன்னான்: "மச்சான், நீ உசுரோட இருக்கசொல்ல ஒன் கோப்பைய நான் வாங்குறது ஒரே பேஜாரா கீதுடா."

ஓடலாம் என்று பி.டி. சார் சொல்லியிருக்கிறார். பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. யாராவது கேட்டால் வெளியூர்.

10-2-1978
தூக்கம் வரவில்லை.

11-2-1978, சனி
பந்தயத்துக்கு முன்னால் எனக்காக ஒரு நிமிடம் மௌனம். நானும் தலையைக் குனிந்து நின்றேன். வேறு என்ன செய்வது?

பன்னிரண்டரை சுற்று. எட்டாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டது. கால் தானாக நடக்க ஆரம்பித்தது. போதும், இந்த வளைவோடு நின்றுவிடலாம் என்று நினைத்தேன். மேடையில் அத்தா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுபஹான்! நிக்காதடா! ஓடு, ஓடு!"

ஒலிபெருக்கியில் வந்தது. அத்தாவின் குரல். பி.டி. சாரின் கையோடு சேர்த்து மைக்கை அத்தா பிடித்திருந்தார். கோப்பை எப்போதோ கீழே உருண்டிருந்தது. மைதானமே மேடையைத் திரும்பிப் பார்த்தது, அவர் மைக்கை விடவில்லை. "எம் புள்ளதான்! ஓடுறா!"

ஓடினேன். ஏழு பேரில் ஐந்தாவது. சிவப்பிரகாசம் முதல். நசுங்கிய கோப்பையை அத்தா அவனிடம் கொடுத்தார். அவர் தாடி நனைந்திருந்தது.

13-2-1978, திங்கள்
அத்தா ஆபீசுக்கு வந்து தன் கைப்பட எழுதினார். சகுந்தலா அம்மா, "பொய் சொன்ன காரணம் போடணும்" என்றார்கள். அவர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு 'மாத்திரைப் பழக்கம், என் வெட்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'காலமானார்' மேல் கோடு விழுந்தது. செத்திருந்த நாட்களுக்கெல்லாம் ஆப்சென்ட். மாத்திரைப் பக்கம் போகவில்லை என்று காட்ட, வாரா வாரம் பி.டி. சாரிடம் போய் நிற்க வேண்டும்.

போட்டோவைக் கழற்றிய காத்தவராயன், மீதி ஊதுபத்தியை என்ன செய்வது என்று கேட்டுப் பின்னாலேயே வந்தார்.

செங்கல்பட்டு பஜார் வழியாக நடந்தோம். பழக்கடை ரவிச்சந்திரன், "இன்னா பாய், தம்பி துபாய்லருந்து எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். அத்தா நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"துபாயெல்லாம் போவல. மாத்திரை துன்னுட்டு ஆஸ்பத்திரில கெடந்தான். இப்பத் தேவலை. நல்ல சாத்துக்குடியா ஒரு டஜன் போடு."

பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். என்னை மகாபலிபுரம் பஸ் ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. வீட்டுக்குத்தான் போனோம்.