எழுபதாவது நாள் எடுத்த அளவு

திங்கட்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் அவரும் சௌக்கியம். உன் கடிதம் தபால் வேனில் சனிக்கிழமை வந்தது. அக்கம்பக்கம் வேறு வீடில்லாத அந்த அணைக்கட்டுக் குவார்ட்டர்ஸில் இந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது என்றும், காஸ் ஹீட்டர் பகலிலும் ஓடுகிறது, ஜன்னல் இடுக்குகளைக்கூடத் துணி வைத்து அடைத்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். நல்லது.

அண்ணியைப் பற்றி எழுதியதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பட்டப்பகலில், அடுப்படியில் நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்கிறாராம். உன் மகளும் கூடத்து மூலையைக் காட்டி, "அங்க ஒருத்தர் நிக்கிறார், மூஞ்சி மட்டும் இல்ல" என்றாளாம். பூனை நாலு நாளாக வாசலோடு நின்றுவிடுகிறதாம், பால் வைத்தாலும் உள்ளே வருவதில்லையாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அண்ணா. உன்னோடு பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு இனிமேல் பேயிடம் என்ன பயம்?

மூவருக்கும் தலைவலி என்பது குளிரால்தான் இருக்கும். ஹீட்டரிலிருந்து விஷவாயு கசிந்தால் நான் வாங்கிக் கொடுத்து நீ சுவரில் மாட்டிய எச்சரிக்கைக் கருவி அலறி ஊரைக் கூட்டிவிடும். அதில் பச்சை விளக்கு எரிகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பத்து வருஷம் உழைக்கும் என்று எங்கள் பரிசோதனைக்கூடத்தில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். நிம்மதியாக இரு.

அன்புடன்,
உன் தங்கை

வெள்ளிக்கிழமை

அண்ணா,

முதலில் ஹீட்டரை அணை. ஜன்னல்களைத் திற. மூவரும் வெளியே வந்து நின்றுகொண்டு மீதியைப் படி.

ஒரு கருவி பத்து வருஷம் உழைக்குமா என்று பார்க்கப் பத்து வருஷம் காத்திருக்க முடியாது. அதனால் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து அதை அவசரமாகக் கிழடாக்குவோம். வாரம் ஒருமுறை அளந்த வாயுவைக் காட்டி, எவ்வளவு உணர்கிறது என்று வரைபடத்தில் குறித்துக் கோடு இழுப்போம். அந்தக் கோட்டை நீட்டினால் எந்த வருஷம் அது மரத்துப்போகும் என்று தெரியும். அன்று நாற்பது நாள்தான் ஓட்டினோம். இன்னும் ஓட்டலாம் என்றேன். "கோடு நேராத்தானே போகுது, அப்புறம் எதுக்கு?" என்றார் மேலாளர். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

புதிதாக வாங்க வந்தவர்கள் கேட்டதால் அதே ரகத்தில் பன்னிரண்டை மறுபடி பெட்டியில் வைத்திருந்தோம். போன வாரம் வரை கோடு நேராகத்தான் போனது. நேற்று ராத்திரி எழுபதாவது நாள் அளவு. வாயுவைத் திறந்தேன். சத்தமில்லை. இன்னும் திறந்தேன். கடைசியில் எங்கள் அறையின் பெரிய மணிதான் அலறியது. எல்லோரும் வெளியே ஓடினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டும் வாய் திறக்காமல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. அந்த விளக்குக்கு பேட்டரி இருப்பது மட்டும்தான் தெரியும், அண்ணா. வேறொன்றும் தெரியாது.

கணக்குப் போட்டேன். பெட்டிக்குள் எழுபது நாள் என்பது சுவரில் மூன்று வருஷம். உன் வீட்டில் மாட்டி மூன்று குளிர்காலம் ஆகிறது.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அணைமேல் நடந்தால் தலைவலி விட்டுவிடுகிறது, வீட்டுக்கு வந்தால் திரும்புகிறது என்று எழுதியிருந்தாய். எப்படிக் கவனிக்காமல் போனேன்? அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஏறினால் இல்லாத ஆள் தெரிவான், இல்லாத மூச்சு கேட்கும் என்கிறார் எங்கள் டாக்டர். பேயாக இருந்தால் தேவலை என்று இருக்கிறது.

இங்கே ஊரிலுள்ள அணை அலுவலகத்தில் சொல்லி வயர்லெஸ்ஸில் கூப்பிடச் சொன்னேன். காலையிலிருந்து உன் பக்கம் யாரும் எடுக்கவில்லையாம். ஜீப்பில் ஆள் அனுப்புகிறார்கள், நானும் அதில் வருகிறேன். ஜீப் கிளம்ப நேரமாகும், அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தோடு தபால் வேன் வந்துவிடும். தட்டியும் திறக்காவிட்டால் கதவை உடைக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு அந்த வேலையை வைக்காதே. நீயே வந்து திற. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறேன். உன் குரலில் திட்டு, அண்ணா.

உன் தங்கை