நொரநாட்டியம்: ஒரு திருத்தம்

நீங்கள் போய்ப் பதினாறு நாள் முடிந்து, நேற்று மாலை உங்கள் கைப்பேசி எண்ணை ரத்து செய்துவிட்டார்கள். சொன்னது உங்கள் மகள். இருந்தும் இன்று விடியற்காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருபது வருடம் அந்த நேரத்தில் நீங்கள்தான் கூப்பிடுவீர்கள். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசைத் திறக்கும் முன் பேப்பரில் வந்த என் செய்திகளை வரி விடாமல் படித்திருப்பீர்கள். வணக்கமெல்லாம் கிடையாது. "ஏனுங்க, கவுந்த லாரிக்குப் பத்துச் சக்கரம்னு எழுதியிருக்கறீங்க. பன்னண்டுங்க. நேர்ல போனீங்களா, டீக்கடையில கேட்டு எழுதுனீங்களா?"

டீக்கடையில் கேட்டுத்தான் எழுதியிருந்தேன்.

ஞாயிறு இணைப்பில் நம் பக்கத்துச் சொற்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நொரநாட்டியம் என்ற சொல்லை எடுத்தேன். எதிலும் குறை காண்பது என்று பொருள் எழுதினேன். பந்தியில் உட்கார்ந்து ரசத்தில் உப்பு, இலையில் கிழிசல் என்று அடுக்கும் சம்பந்தி வீட்டாரை அப்படிச் சொல்வது வழக்கம் என்றும் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'காலை ஆறு மணிக்குப் போன் போட்டு லாரிச் சக்கரத்தை எண்ணச் சொல்லும் சங்ககிரி நண்பர்' என்று ஓர் எடுத்துக்காட்டும் சேர்த்தேன். பெயர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. டிரைவர்கள் உங்களை "வாங்க நொரநாட்டியம்" என்று கூப்பிட ஆரம்பித்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

மறுநாள் போன் வரவில்லை. நான்காம் நாள் நானே கூப்பிட்டு, கட்டுரை எப்படி என்று கேட்டேன்.

"நல்லாருக்குதுங்க. குத்தம் ஒண்ணுமில்லீங்க."

உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அதற்கு முன் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு எட்டு மாதம் நீங்கள் கூப்பிடவில்லை.

நேற்று உங்கள் மகள் இன்னொன்றும் சொன்னாள். கடைசி வரை சிவப்புப் பேனாவோடுதான் பேப்பர் படித்தீர்களாம். அந்தக் கட்டுரையைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். அவள் தேடிய நேரம் முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. சொல்லுக்கு நான் தந்த பொருளை நீங்கள் தொடவில்லை. உங்களைப் பற்றிய வரியில் 'ஆறு மணி'யை மட்டும் அடித்து, 'ஐந்தே முக்கால்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

உண்மைதான். ஐந்தே முக்காலுக்கு எனக்கு இன்னும் தூக்கம் கலைகிறது.

அந்தத் திருத்தத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். போடுவதா என்று ஆசிரியர் இன்னும் சொல்லவில்லை. மற்ற பேப்பர்களை வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். எட்டு மாதத்தில் எனக்குச் சொல்லாமல் எத்தனை இடத்தில் கோடு போட்டீர்கள் என்று அன்றுதான் தெரியும்.