நாலாவது கேள்வி

மார்ச் 3

டேய் ஊசி,

சௌக்கியமா? உன் தையல் மிஷின் ஓடுதா, இல்ல உன்னை மாதிரி முனகிக்கிட்டுக் கெடக்குதா? இங்க குழந்தைங்க காப்பகத்துல சனிக்கிழமை சனிக்கிழமை கதை சொல்ல வரேன்னு கேட்டேன். லேசுல விடுறாங்களா! போலீஸ்ல போய் பத்து விரலையும் மையில உருட்டி ரேகை குடுத்துட்டு வந்தேன். இருபது வருஷத்துக்கு மேல பழகின ஒருத்தர் என்னைப் பத்தி எழுதணுமாம். உன்னை விட்டா யாரு? இதோட வெச்சிருக்கிற கேள்வித் தாளை நிரப்பி நேரா அவங்களுக்கே அனுப்பு. பொய் தாராளமா எழுது.

வாலு

மார்ச் 19

டேய் ஊசி,

மேற்பார்வை பாக்குற அம்மா கூப்பிட்டு, "ஐயா, உங்க சிநேகிதர் நாலாவது கேள்விய மட்டும் விட்டுட்டாரே"ன்னாங்க. 'இவரை உங்க வீட்டுக் குழந்தையோட தனியா விடுவீங்களா?' ஆமான்னு எழுத ரெண்டே எழுத்து. அதுக்குள்ள மை தீந்துருச்சா? கண்ணாடிய எங்கயாச்சும் வெச்சிட்டியா? அது நிரம்பாம என்னை உள்ள விட மாட்டாங்களாம். எனக்கு ஒண்ணும் புரியல.

வாலு

மார்ச் 27

அன்புள்ள வாலுவுக்கு,

கண்ணாடி போட்டுக்கிட்டுதான் படிச்சேன். அப்ப என் பொண்ணுக்கு ஆறு வயசு. ஒளிஞ்சு விளையாடுறப்போ அவளைத் துணி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, சாவியோட டீ குடிக்கப் போனியே. இப்ப அவளுக்கு நாப்பத்தொண்ணு. லிஃப்டுல ஏற மாட்டா. ஏழாவது மாடி ஆபீசுக்குப் படியிலதான் போறா. நீ கெட்டவன் இல்ல, தெரியும். ஆனா ஆமான்னு எழுதவும் கை வரல, இல்லன்னு எழுதவும் வரல.

ஊசி

ஏப்ரல் 5

ஊசி,

அந்த பீரோ கதைய எத்தனை கல்யாண வீட்டுல சொல்லியிருக்கேன்! நீயும்தான் சிரிச்சே. ஏன்டா சிரிச்சே? அவளும் பக்கத்துல நின்னாளே, அவ சிரிச்சாளா? எவ்வளவு யோசிச்சாலும் அவ முகம் ஞாபகம் வரல.

அந்த அம்மாகிட்ட போய் சொல்லிட்டேன், இந்தத் தடவை ஜோடனை இல்லாம. எழுதிக்கிட்டாங்க. "சேர்த்தாலும் தனியா விட மாட்டோம் ஐயா. இன்னொருத்தர் கூட இருப்பாங்க, கதவு திறந்தே இருக்கும்"னாங்க. அன்னைக்கே இவங்களை மாதிரி ஒருத்தர் அங்க இருந்திருக்கலாம்.

இதோட புதுத் தாள் ஒண்ணு வெச்சிருக்கேன். நாலாவது கேள்விய நீ தொடாதே. உன் பொண்ணுகிட்ட குடு. அவ என்ன எழுதினாலும் கவர்ல போட்டு ஒட்டி நேரா அங்கயே அனுப்பிடு. எனக்குச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை காப்பக வாசல்ல போய் நின்னு தெரிஞ்சுக்கிறேன்.

வாலு